டிரைவருக்கு இடப்பக்கம்

ஜூலை 2

அடி வாயாடி,

இது உன் கைக்கு வந்து சேருமா என்று தெரியாது. உங்கள் வீட்டுக் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்துத் திரும்பிய பிறகு, நம் வகுப்பு டீச்சரை நான்கு நாள் நச்சரித்தேன். தொல்லை தாங்காமல் ஐந்தாம் நாள், உன் மாற்றுச் சான்றிதழ் எந்தப் பள்ளிக்குப் போனது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதனால் பள்ளி முகவரிக்கே எழுதுகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறு வருஷம் ஒரே பெஞ்சு. ஊரை விட்டுப் போகிறவள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா? போன் நம்பரையும் மாற்றிவிட்டீர்கள். நான் என்ன பேயா, பிசாசா, கண்ணில் படாமல் ஓடுவதற்கு?

என் முன்பல் பாதிதான் உடைந்தது. சிரித்தால்தான் தெரியும். சிரிக்கும்படி இங்கே ஒன்றும் நடக்கவில்லை. தம்பிக்குக் கைக்கட்டுப் பிரித்தாயிற்று, ஆனால் வண்டிச் சத்தம் கேட்டாலே அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறான். ஆட்டோவில்கூட ஏறுவதில்லை. தினமும் இரண்டு மைல் நடத்திக் கூட்டிப் போகிறாள் அம்மா.

ஆனால் நான் எழுதுவது அப்பாவுக்காக. நம் பள்ளி வேன் கேட் தூணில் மோதியதும், அதை ஓட்டிவந்த உன் அப்பா எல்லோரிடமும் "பிரேக் பிடிக்கல" என்றார் அல்லவா? அந்தப் பிரேக்கை மாற்றிக் கொடுத்தது என் அப்பா. மோதியதற்கு ஒன்பது நாள் முன்னால். இப்போது ஷெட்டுக்கு ஒரு வண்டியும் வருவதில்லை. சொந்தப் பிள்ளைகள் போகிற வண்டிக்கே ஒழுங்காகப் பிரேக் போடத் தெரியாத மெக்கானிக் என்று பேசிக்கொள்கிறார்கள். அந்த வேன் கையில் இருந்தாலாவது பிரித்துப் பார்ப்பார். வேன் முதலாளி அதை மறுநாளே காயலான் கடைக்குத் தள்ளிவிட்டார். அப்பா யாரிடமும் வாதாடவில்லை. ஷெட்டின் மூலையில் கிடக்கும் ஓட்டை வண்டியில் பிரேக்கைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், மறுபடி கழற்றுகிறார். எந்த இடத்தில் தப்பு செய்தேன் என்று தேடுகிறாராம். தினமும் என்னிடம் கேட்கிறார், "அன்னைக்கு ஏதாவது கிறீச்சுனு கேட்டுச்சா பாப்பா?"

நீதான் எப்போதும் முன் சீட்டில் உட்காருவாய். அதற்கு முந்தைய நாட்களில் பிரேக் தளர்ந்திருந்ததா? அப்பா மேல் தப்பு இருந்தாலும் பரவாயில்லை, எழுது. தெரிந்துவிட்டால் அழுது முடிக்கலாம்.

குண்டூசி


ஜூலை 11

குண்டூசி,

உன் கடிதத்தை பியூன் வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்து கொடுத்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இனிமேல் எழுதாதே.

பிரேக்கைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நானா டிரைவர்? அன்றைக்கு நான் முன்னால் உட்காரவே இல்லை. உன்னோடு கடைசி சீட்டில் இருந்தேன். ஏன் இருந்தேன் என்று நீயே யோசித்துப் பார். உனக்குப் பிறந்தநாள். "நீ எனக்கு ஃபிரெண்டா, இந்த வண்டிக்குக் கிளீனரா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டது யார்? மூன்று தடவை மாட்டேன் என்றேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். ஒரு நாள்தானே என்று எழுந்து வந்தேன். வந்ததால்தான் எல்லாம்.

ஆகவே என்னைத் திட்ட உனக்கு வாய் கிடையாது.

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். பள்ளி பெரியது, புது ஃபிரெண்ட்ஸ் நிறைய. அப்பாவுக்கும் வேலை கிடைத்துவிட்டது. பழையதை எல்லாம் மறந்துவிட்டோம்.

தம்பிக்கு எந்தக் கை? வலது கையா?

(பெயர் போடவில்லை, உனக்குத் தெரியும்)


ஜூலை 19

வாயாடி,

வலது கை. எழுதுகிற கை. இப்போது இடது கையால் கிறுக்குகிறான், டீச்சர் திட்டுகிறார்.

நன்றாக இருக்கிறவள் பாதிப் பக்கத்தில் நிறுத்த மாட்டாள். விடுப்புக் கடிதத்தையே இரண்டு பக்கம் எழுதுகிறவள் நீ. உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டேன், தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நீ பின்னால் வந்ததற்கும் பிரேக் பிடிக்காததற்கும் என்ன சம்பந்தம்? முன் சீட்டில் உட்கார்ந்து நீயா பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தாய்? ஒன்று நீ உளறுகிறாய், இல்லையென்றால் எதையோ முழுங்குகிறாய். முழுங்கும்போது உன் எழுத்து சாய்ந்துவிடும். 'வந்ததால்தான் எல்லாம்' என்ற வரி படுத்தே கிடக்கிறது.

இங்கே என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. வேனில் வந்த பிள்ளைகளின் அம்மாக்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நம் பெஞ்சில் நான் மட்டும், நடுவில் உட்கார்ந்துகொள்கிறேன், இடம் காலியாகத் தெரியக்கூடாது என்று. மத்தியானம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ச் சாப்பிடுகிறேன். இதை எல்லாம் தாங்கிக்கொள்வேன்.

நேற்று அப்பா என் முகவாயைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். "என்னை மன்னிச்சிரு பாப்பா" என்றார். ஒரு அப்பா மகளிடம் அப்படிச் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை எனக்கு.

முழுங்கியதைத் துப்பு.

குண்டூசி


ஜூலை 30

குண்டூசி,

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு அடுத்த வரிக்கு வா. படித்ததும் கிழித்துவிடு.

பிரேக் நன்றாகத்தான் இருந்தது.

என் அப்பாவுக்கு ஓரத்தில் இருப்பது தெரியாது. நேராக இருப்பது எல்லாம் தெரியும். பேப்பர் படிப்பார், எதிரே வருகிற பஸ்ஸின் நம்பரைச் சொல்வார். இரண்டு பக்கத்திலிருந்தும் வருவதுதான் தெரியாது. குழாய்க்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று ஒரு தடவை அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. தன் பக்கத்து ஜன்னலை அடிக்கடி தலையைத் திருப்பிப் பார்த்துச் சமாளித்துக்கொள்வார். இடப்பக்கத்துக்கு நான்.

மூன்றாம் வகுப்பில் ஆரம்பித்தது. ஒரு நாள் சைக்கிள்காரர் ஒருவர் இடப்பக்கம் ஒட்டி வந்தார், அப்பா வண்டியை அந்தப் பக்கமே ஒடித்தார். நான் கத்தினேன். அவர் தப்பித்தார். மறுநாள் என் பையை அப்பாவே முன் சீட்டில் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே வருவேன். அப்பா, சைக்கிள். அப்பா, நாய். அப்பா, குடை பிடித்த ஆள். நீங்கள் எல்லோரும் சிரிப்பீர்கள். வாயாடி என்று பெயர் வைத்தவளே நீதான். அவர் என்னை உதவிக்குக் கேட்டதும் இல்லை, எனக்குத் தெரியும் என்று நான் காட்டிக்கொண்டதும் இல்லை.

அந்தத் தூண் இடப்பக்கம்.

கூட்டம் கூடியதும் அப்பா வாயில் முதலில் வந்தது பிரேக் என்ற வார்த்தை. மெக்கானிக் மாமாவை நினைத்துச் சொல்லவில்லை. சத்தியமாக இல்லை. சொன்ன பிறகு திருப்பி எடுக்க முடியவில்லை. உன் அப்பா முகத்தில் விழிக்க முடியாமல்தான் ஓடிவந்தோம்.

இங்கேயும் அவர் வேன்தான் ஓட்டுகிறார். என் பள்ளி வேன். பதினேழு பிள்ளைகள். வேறு வேலை அவருக்குத் தெரியாது. நான் முன் சீட்டில். காய்ச்சல் வந்தாலும் லீவு போட முடியாது. ரிலே ஓட்டத்தில் நான்காவது ஆளாக என்னைச் சேர்த்தார்கள். கேப்டன் என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண் தானாக வந்து என் தோளில் கை போட்டாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? நான்கு மணிக்குப் பயிற்சி. நான்கு மணிக்கு வேன் புறப்படும். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டாள். என்ன சொல்வேன்? இப்போது நான் திமிர் பிடித்தவள். வேனில் கத்திக்கொண்டே வருவதால் ஹாரன் என்று கூப்பிடுகிறார்கள். ஃபிரெண்ட்ஸ் நிறைய என்று எழுதியது பொய்.

வெளியே தெரிந்தால் அப்பாவை போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, அவரைக் காட்டிக்கொடுத்துவிடாதே.

வாயாடி


ஆகஸ்ட் 6

உனக்கு,

சத்தியம் செய்யாமலேதான் அடுத்த வரிக்கு வந்தேன்.

கடிதத்தைக் கிழிக்கவும் இல்லை. கணக்குப் புத்தக அட்டைக்குள் இருக்கிறது. ஐந்து நாளாக அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

நீ அழுதிருப்பாய், தெரியும். உன் அழுகையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இரண்டு மாதமாக என் அப்பா செய்யாத தப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். ராத்திரியும் பகலும் தேடுகிறார். இல்லாததைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? என் தம்பி தூக்கத்தில், "அப்பா, பிரேக்கை நல்லாப் போடுங்க" என்று புலம்புகிறான். அதை அவர் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உன் அப்பா உனக்கு எப்படியோ, என் அப்பா எனக்கு அப்படித்தான்.

இன்னொன்றும் கேட்கிறேன். உன் வேனில் பதினேழு பேர் என்றாய். அதில் என் தம்பி வயதில் எத்தனை பேர்? உனக்கு வாந்தி பேதி வந்தால் அன்றைக்கு அவர்களை யார் பார்ப்பார்கள்? நீ ஒரு தும்மல் போடுகிற நேரம் போதுமே.

இந்த மாதம் பதினெட்டாம் தேதி வரை பார்ப்பேன். அதற்குள் நீ சொல்லவில்லை என்றால் கடிதத்தை எடுத்து அப்பா கையில் கொடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு என்னோடு பேச வேண்டாம் என்றால் பேசாதே. இப்போது மட்டும் என்ன பேசிக் கிழிக்கிறோம்?

பிறந்தநாள் அன்று உன்னைக் கிளீனர் என்று சொன்னேன். அது தினமும் என்னைக் குத்துகிறது. தெரிந்திருந்தால் கூப்பிட்டிருப்பேனா?

குண்டூசி


ஆகஸ்ட் 14

குண்டூசி,

கொடுக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன், இன்னும் கொஞ்ச நாள் கொடு.

நீ எழுதியதுதான் நடந்தது. திங்கட்கிழமை காலை எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. அம்மா வெந்நீர் கொடுத்துப் படுக்கச் சொன்னாள். அப்பா வாசலில் சாவியோடு நின்றார். போகவும் இல்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. நானே எழுந்து ஏறிக்கொண்டேன்.

வாயால் முடியாததால் அவர் கையைத் தட்டினேன். ஒரு தட்டு என்றால் சைக்கிள், இரண்டு என்றால் ஆள் என்று மனதில் வைத்துக்கொண்டேன், ஆனால் அது அவருக்குத் தெரியாதே. சந்தைத் திருப்பத்தில் ஒரு பையன் பால் கேனோடு சைக்கிளில் வந்தான். தட்டினேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ரோட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். வண்டி அவனை உரசியது.

விழுந்தான், எழுந்தான், கெட்ட வார்த்தையில் திட்டினான். முழங்கையில் தோல் போயிருந்தது. அவ்வளவுதான். பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை.  

உன் தம்பி வயதில் எத்தனை பேர் என்று கேட்டாய். ஆறு பேர். ஒன்றாம் வகுப்புச் சுண்டு என் சீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து என் ஜடையைப் பிடித்துக்கொண்டு வருவான்.

நான் எங்கே போவேன், யாரிடம் போவேன்? அம்மாவிடம் ஆரம்பித்தாலே வாயைப் பொத்துகிறாள். சாமி கும்பிடும்போது இன்றைக்கு வண்டி ஸ்டார்ட் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். தினமும் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது.

வாயாடி


ஆகஸ்ட் 20

வாயாடி,

பதினெட்டாம் தேதி போய்விட்டது. நான் கொடுக்கவில்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஷெட் வரைக்கும் போனேன். அப்பா ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மாதக் கடைசியில் ஷெட் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுகிறாராம், மரக்கடையில் சுமை தூக்கப் பேசிவிட்டாராம். "இந்தக் கையை இனிமே வண்டியில வைக்க மாட்டேன்" என்றார். அப்போதாவது கொடுத்திருக்க வேண்டும். கை நீளவே இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "என்ன பாப்பா?" என்றார். பசிக்குது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஏன் தெரியுமா? உன் அப்பா தினமும் என்னை இறக்கிவிடும்போது, "பாத்துப் போ பாப்பா" என்பார். அது ஞாபகம் வந்து தொலைத்தது.

என்னால் முடியாது. நான் சொன்னால் அது கோள் மூட்டுவது. உன் வீட்டு விஷயம், நீதான் சொல்ல வேண்டும். மிரட்டவில்லை, காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள். மாதக் கடைசிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.

எனக்கும் இனிமேல் முடியவில்லையடி.

குண்டூசி


ஆகஸ்ட் 31

குண்டூசி,

சொல்லிவிட்டேன். ஒரு வாரமாகிறது. இத்தனை நாள் பேனாவை எடுக்கத் தெம்பில்லை.

முதலில் அப்பாவிடமே கேட்டேன். அவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைக் காட்டலாம் அப்பா என்றேன். ஒரு தடவைகூட எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. அவர் திரும்பவில்லை. துணியைப் பிழிந்துகொண்டே, "எனக்கென்ன? நீ பக்கத்துல இருக்கியே" என்றார். பாசமாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு, பெரியவளாகி, வேலைக்குப் போய், கல்யாணமாகி, கடைசி வரைக்கும் அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன் என்று தோன்றியது. ஒரு நாள் இல்லாமல் போவேன், அன்றைக்குச் சுண்டு பின்னால் இருப்பான்.

மறுநாள் பிரேயர் முடிந்ததும் தலைமை ஆசிரியை அறைக்குப் போனேன். அப்பாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அவர் நம்பவில்லை. உன் அப்பா நிதானமாக ஓட்டுகிறவர், ஒரு புகார் கிடையாது, வீட்டில் ஏதாவது கோபமா என்று கேட்டார். அவருக்கு இடப்பக்கம் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள் மேடம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அப்பாவை அழைத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினார். என்னைக் கதவுக்கு இடப்பக்கம், பீரோவை ஒட்டி நிறுத்தினார்.

அப்பா வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். என்னிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்றார். கையை நீட்டினால் அவர் தோளைத் தொட்டுவிடலாம். மேடத்தை நேராகப் பார்த்து, "கூப்பிட்டீங்களாம்மா? பாப்பாவுக்கு ஏதாவதா? அவ எங்க?" என்று கேட்டார்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. அப்பா, "எங்கம்மா அவ?" என்று மறுபடி கேட்டார், குரல் உடைந்துவிட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "இங்கதான்பா இருக்கேன்" என்றேன். அவர் திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

மறுநாளிலிருந்து வேனுக்கு வேறு டிரைவர். போலீஸ் வரவில்லை, மேடம் தானே கண் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். போன பார்வை போனதுதானாம், இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாமாம், வண்டி மட்டும் இனிமேல் கிடையாது. நாலு வருஷம் முன்னாலேயே வந்திருக்கலாமே என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். நான்கு வருஷம் முன்னால் நான் மூன்றாம் வகுப்பு. சிரித்துக்கொண்டு அப்பா, சைக்கிள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் நான் இப்போது சொந்த அப்பாவையே மாட்டிவிட்டவள். ரிலேக்கு வேறு பெண் கிடைத்துவிட்டாள். அம்மா என்னோடு பேசுகிறாள், ஆனால் முகம் பார்த்துப் பேசுவதில்லை. அப்பா ஏழு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. மருந்து போடும்போது தலையைச் சாய்த்துக் கொடுப்பார், அவ்வளவுதான். செத்துப்போகலாம் போல இருந்தது.

இன்று மத்தியானம் மருந்து போட்டு முடித்ததும் அவர் தலையை நிமிர்த்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டே, "வண்டியில உக்காரும்போது பயந்தியா?" என்று கேட்டார்.

"தினமும்" என்றேன்.

"உனக்கு அது விளையாட்டுன்னு நினைச்சிட்டேன்" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் மருந்துப் புட்டியை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

மூன்று மணி இருக்கும், எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். மெக்கானிக் மாமா வீட்டு நம்பர் உனக்கு மனப்பாடமாகத் தெரியுமே, சொல்லு என்றார். சொன்னேன். ஒவ்வொன்றாக அழுத்தினார். வழக்கம்போல நான் அவருக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன். அவர் போனைக் கீழே இறக்கி, தலையை முழுசாகத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"நீ வெளிய போய் விளையாடு. இதை நான் தனியாச் சொல்லிக்கிறேன்."

வெளியே வந்துவிட்டேன். என்ன விளையாடுவதென்று தெரியவில்லை. படியில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். உள்ளே மணி போகிற சத்தம் கேட்கிறது. எடுக்கிறீர்களா, குண்டூசி? யாராவது எடுங்கள்.

வாயாடி